பின்தங்கியவனின் கணக்கு

இந்த ஆண்டு மலருக்கு வணிகம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டபோது நான் தயங்கினேன். வணிகத்தில் வெற்றி கண்டவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எழுதத் தகுதி அவர்களுக்கே உண்டு. நானோ ஒரு மளிகைக் கடையை எதிர்க்கடையிடம் தோற்றவன். நண்பரிடம் இதைச் சொன்னேன். "வெற்றியைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் யாராவது எழுதிவிடுகிறார்கள். நீங்கள் தோற்றதை எழுதுங்கள்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

நானும் என் தம்பியும் 1984ஆம் ஆண்டு முதல் அங் மோ கியோ வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கடை நடத்தி வந்தோம். சீனரும் மலாய்க்காரரும் 'மாமா கடை' என்று அழைப்பார்களே, அந்த வகைக் கடை. அரிசி, எண்ணெய், பால் டின், சவர்க்காரம், பிள்ளைகளுக்கு மிட்டாய், பெரியவர்களுக்குப் பத்திரிகை எல்லாம் இருக்கும். காலை ஆறரைக்குத் திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் கதவை இழுத்துப் பூட்டுவோம். லாபம் பெரிதில்லை என்றாலும் இரண்டு குடும்பங்கள் சாப்பிட்டன, பிள்ளைகள் படித்தார்கள்.

1991ஆம் ஆண்டில் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேரங்காடி திறந்தது. அதன் பெயர் இங்கு வேண்டாம். அவர்கள் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. கடை திறந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் வாரமே ஒரு வேடிக்கை நடந்தது. எங்களுக்கு மொத்த வியாபாரியிடமிருந்து 95 காசுக்கு வந்த இனிப்புப் பால் டின்னை அவர்கள் 88 காசுக்கு விற்றார்கள். நான் வாங்கும் விலையைவிட அவர்கள் விற்கும் விலை 7 காசு குறைவு! பிறகென்ன, நானே அங்கு போய் வாங்கி வந்து என் கடையில் அடுக்கினேன். ஆளுக்கு 6 டின்தான் என்று அறிவிப்பு வைத்திருந்தார்கள். பள்ளியிலிருந்து வந்த மகனை இரண்டு முறை வரிசையில் நிற்க வைத்தேன். பணம் வாங்கும் இடத்தில் இருந்த சீனப் பெண் சிரித்துக்கொண்டே, "உன் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பார்?" என்று கேட்டாளாம். மகன் வீட்டுக்கு வந்து, இனி போகமாட்டேன் என்று அழுதான். அன்றைக்கு அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இன்று நினைத்தால் பிள்ளையின் முகம்தான் முன்னால் வருகிறது.

அந்த 88 காசு அவர்களுக்கும் நட்டமாகவே இருந்திருக்கலாம். பெரிய கடைகள் சில பொருள்களை வேண்டுமென்றே அடக்க விலைக்கும் கீழே விற்பதுண்டு. பால் டின்னுக்காக உள்ளே வந்தவர் வெறும் பால் டின்னோடு திரும்பமாட்டார். பிஸ்கட், சோப்பு, கோழி என்று கூடை நிறையும். டின்னில் போனது கோழியில் வந்துவிடும். ஐயாயிரம் வகைப் பொருள் வைத்திருப்பவர் ஐந்தில் நட்டப்படலாம். ஐந்நூறு வகை வைத்திருப்பவன் அதே ஐந்தில் நட்டப்பட்டால் மீதியில் அதை எடுக்க முடியாது. இது திறமைக் குறைவு இல்லை. தராசில் அவர்கள் பக்கத்தில் கல் அதிகம்.

எனினும் விலையைவிடப் பெரிய பின்னடைவு வேறொன்று இருந்தது. அதை நான் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுதான் நாள் கணக்கு.

எங்களுக்கு மொத்த வியாபாரி கொடுத்த தவணை 14 நாள். பெரிய கடைகளுக்கு 60 நாள் கொடுப்பதாக அவருடைய விற்பனையாள் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். வாசகர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிர்க்கடையில் ஒரு டின் வந்த பத்து நாளில் விற்றுப்போகிறது. ரொக்கம் கைக்கு வருகிறது. அதற்குரிய பணத்தை அறுபதாம் நாள்தான் கொடுக்க வேண்டும். இடையில் ஐம்பது நாள் அடுத்தவர் பணம் அவர்கள் கையில் வட்டியில்லாமல் இருக்கிறது. என் கடையிலோ அதே டின் விற்க இருபது நாள் ஆகும். விற்றாலும் பாதிப் பேர் ரொக்கம் தரமாட்டார்கள். நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிறிய '555' நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சம்பள நாளில் தருவார்கள். அதற்கு மேலும் இருபது நாள். ஆக, நாற்பதாம் நாள் வரும் பணத்திற்கு நான் பதினான்காம் நாளே பணம் கட்டுகிறேன். என் சொந்தப் பணம் 26 நாள் பிறர் கையில். பிறர் பணம் 50 நாள் அவர்கள் கையில். ஒரே டின்னில் எங்களுக்குள் 76 நாள் வித்தியாசம். வியாபாரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அவர்களுக்குப் பணம் சேரும். எனக்கு அவ்வளவு பணம் முடங்கும். கடை நன்றாக ஓடிய மாதங்களில்தான் எனக்குக் கைப்பணம் தட்டியது. அது ஏன் என்று அப்போது புரியாமல் தம்பியிடம் சினந்து பேசியிருக்கிறேன்.

இது தெரிவதற்கு முன் ஒரு பெரிய தவறு செய்தேன். 1992ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன், "அவர்கள் மொத்தமாக வாங்குவதால்தானே விலை குறைகிறது? நாமும் மொத்தமாக வாங்குவோம்" என்று முடிவு செய்தேன். மனைவியின் நகைகளை அடகு வைத்து 25 கிலோ புழுங்கல் அரிசி மூட்டைகள் 200 வாங்கினேன். மூட்டைக்கு ஒன்றரை வெள்ளி குறைந்தது. அடுக்கி வைக்கக் கடையில் இடமில்லை. தெரிந்தவர் ஒருவரின் கிடங்கில் வைத்தோம். அந்த ஆண்டு இறுதி மழை உங்களுக்குத் தெரியும். கிடங்கில் ஈரம் ஏறியது, அரிசியில் வண்டு விழுந்தது. பாதி மூட்டைகளைக் கோழித் தீவனத்துக்குக் கேட்டவர்களிடம் கிடைத்த விலைக்குத் தள்ளினேன். நகைகளில் ஒரு ஜோடி வளையல் திரும்பவே இல்லை.

தன்னம்பிக்கை இருந்தால் எந்தப் போட்டியையும் வெல்லலாம் என்று மேடைகளில் பேசுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 200 மூட்டைகளை வாங்கிய நாளில் எனக்குத் தன்னம்பிக்கைக்கு ஒரு குறைவும் இருந்ததில்லை.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1993இல் அவள் தொடக்கக்கல்லூரியில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே பாடம் படிப்பாள். ஒருநாள், "அப்பா, எல்லாவற்றிலும் பின்தங்கியவனுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று ஒருவர் 1817ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்" என்றாள். டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயர். பங்குச் சந்தையில் பணம் சம்பாதித்துவிட்டுப் பிறகு பொருளியல் எழுதியவர். அந்தத் தகுதி எனக்குப் பிடித்தது.

அவர் கொடுத்த கணக்கு இது. இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய ஓராண்டுக்கு 100 பேர் தேவை. குறிப்பிட்ட அளவு திராட்சை மது தயாரிக்க 120 பேர். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேர் போதும், அதே மதுவுக்கு 80 பேர் போதும். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியானால் இங்கிலாந்து என்ன செய்வது? துணியை மட்டும் நெய்து, அதைக் கொடுத்து மதுவை வாங்கட்டும் என்கிறார் ரிக்கார்டோ. சொந்தமாக மது தயாரிக்க 120 பேர் உழைக்க வேண்டும். துணி நெய்து மாற்றிக்கொண்டால் 100 பேர் உழைப்பில் அதே மது கிடைக்கும். போர்ச்சுகலுக்கும் அப்படித்தான். 90 பேர் செய்ய வேண்டிய துணி அதற்கு 80 பேர் உழைப்பில் கிடைக்கிறது. மது இங்கிலாந்து மிகவும் பின்தங்கிய இடம், துணி கொஞ்சமாகப் பின்தங்கிய இடம். கொஞ்சமாகப் பின்தங்கிய இடத்தில் நின்றுகொண்டால் பிழைப்பு உண்டு.

கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "நாடு திவாலாகி மூடப்படுவதில்லை. கடை மூடப்படும். எதிர்க்கடைக்காரன் என்னிடம் துணி வாங்கவா போகிறான்?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதான் அப்பா. கடைக்கு இது பொருந்தாது. ஆனால் உங்களுக்குப் பொருந்தும்" என்றாள். கடை வேறு, நான் வேறு என்று யாரும் அதுவரை எனக்குச் சொன்னதில்லை. விலையில் தோற்கும் கடையை ரிக்கார்டோவாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் ஒரு மனிதனுக்கு நாளில் உள்ள பதினாறு மணி நேரம் ஒரு நாட்டின் உழைப்பாளிகளைப் போன்றது. அதை மதுவில் போடுவதா துணியில் போடுவதா என்பது அவன் கையில் இருக்கிறது.

மறுநாள் ஒரு புதிய 555 புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டாள். ஒரு வாரம் முழுவதும் எந்தப் பொருளுக்கு எத்தனை நேரம் போகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதினோம். அரிசிக்கு 11 மணி நேரம். இறக்குவது, அடுக்குவது, மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது எல்லாம் சேர்த்து. மிஞ்சியது 38 வெள்ளி. மணிக்கு மூன்றரை வெள்ளிகூட இல்லை. கடையின் ஒரு மூலையில் நான் கலந்து கொடுக்கும் மசாலாவுக்கு 6 மணி நேரம்; மிஞ்சியது 84 வெள்ளி. மணிக்கு 14 வெள்ளி. நான் பெருமையாக நினைத்த அரிசி மூட்டைகள்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தன.

மசாலாவிலும் நான் எதிர்க்கடையைவிட மலிவு இல்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுடைய பொட்டலத் தூள் கிராம் கணக்கில் என்னுடையதைவிடக் குறைந்த விலைதான். ஆனால் இந்தப் பின்னடைவு சிறியது. அதோடு பொட்டலத்துக்குக் காது கிடையாது. "மீன் கறிக்கா, கோழிக்கா? எத்தனை பேர்? பிள்ளைகள் சாப்பிடுவார்களா?" என்று கேட்டு, மிளகாய் விழுது இவ்வளவு, மல்லி இவ்வளவு, மஞ்சள், சீரகம், சோம்பு இவ்வளவு என்று எடுத்து வைத்து இரண்டு வெள்ளிக்குக் கட்டிக் கொடுப்பதை அது செய்யாது. சீன ஆன்ட்டிகளும் மலாய் மக்சிக்குகளும் இதற்காகவே வருவார்கள். நம்மவர்களைவிட அவர்கள்தான் அதிகம். இதில் கடனும் கிடையாது. இரண்டு வெள்ளிக்கு யாரும் 555 புத்தகத்தை நீட்டுவதில்லை. ஆகவே அந்த 76 நாள் கணக்கும் இங்கு செல்லாது.

அரிசி விற்பதை நிறுத்தலாம் என்று தம்பியிடம் சொன்னேன். "அரிசி இல்லாத கடை ஒரு கடையா அண்ணே? ஊர்க்காரன் முகத்தில் எப்படி விழிப்பது?" என்றான். அவன் கேட்டது கௌரவத்தைப் பற்றி. எங்கள் அப்பா தேக்காவில் ஒரு கடையில் அரிசி மூட்டை தூக்கி எங்களை வளர்த்தவர். சொந்தக் கடையில் அரிசி விற்பதுதான் அவருடைய ஆசை. நான் எண்களைக் காட்டினேன். அவன் எண்களைப் பார்க்கவே இல்லை. 1994இல் பங்கைப் பிரித்துக்கொண்டு போய் டாக்சி ஓட்டினான். இரண்டு ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சில்லை. டாக்சியில் அவன் கடையில் எடுத்ததைவிட அதிகம் சம்பாதித்தான் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ரிக்கார்டோவின் பாடத்தை அவன் படிக்காமலே செய்துகாட்டிவிட்டான்!

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் உண்டு. 1972ஆம் ஆண்டில் மலேசியா சிங்கப்பூர் விமான நிறுவனம் இரண்டாகப் பிரிந்தபோது, உள்நாட்டுப் பயணத் தடங்கள் மலேசியாவுக்குப் போயின. சிங்கப்பூருக்கு உள்நாட்டுப் பயணமே கிடையாது. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு யார் பறப்பார்கள்? மற்ற நாட்டு விமான நிறுவனங்களுக்குச் சொந்த ஊர்ப் பயணிகள் என்ற நிலையான வருமானம் இருக்க, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு முதல் பயணத்திலிருந்தே அயல்நாட்டாரோடு போட்டி. உள்ளூர்த் தடம் இல்லையே என்று அவர்கள் அழவில்லை. அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தில் அப்போது சேராமல் இருந்ததால், சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்ட மற்றவர்களால் கொடுக்க முடியாதவற்றை, பானங்களையும் காதில் மாட்டும் ஹெட்போன்களையும், சாதாரண வகுப்பிலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். அரசாங்கத்தின் பக்கபலம் அவர்களுக்கு இருந்தது, எனக்கு இல்லை என்பதும் உண்மைதான். உதாரணத்தை அதற்கு மேல் இழுக்கமாட்டேன்.

பயத்தை நாம் தவறான இடத்தில் வைப்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 1994 ஏப்ரல் 1ஆம் தேதி 3 விழுக்காடு பொருள் சேவை வரி வந்தபோது, சிறு கடைகள் இத்தோடு ஒழிந்தன என்று பலரும் பேசிக்கொண்டோம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாததால் நான் வரிக்குப் பதிவு செய்யவில்லை. ஆகவே வாங்கும்போது கொடுத்த வரியை என்னால் திரும்பப் பெற முடியாது. பதிவு செய்த பெரிய கடைகள் பெற்றுக்கொள்ளும். மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு வெள்ளிப் பொருளில் பத்துக் காசு லாபம் வேண்டுமென்றால், நான் 1 வெள்ளி 13 காசுக்கு விற்க வேண்டும். அவர்கள் 1 வெள்ளி 10 காசின் மீது வரி போட்டால் 1 வெள்ளி 13.3 காசு ஆகிறது. என் லாபத்தின் மீது வரி ஏறாததால் எனக்கு மயிரிழை சாதகம்கூட! இதற்காக நான் தூக்கம் கெட்ட இரவுகளை நாள் கணக்கைப் பற்றி யோசிக்கச் செலவிட்டிருக்கலாம்.

கடையோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். வரிசையில் நின்று அழுதானே, அந்த மகனிடமும் எனக்கு ஒரு பாடம் இருந்தது. அவன் 1979ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் பிறந்தவன். இங்கு தொடக்கப்பள்ளியில் சேர்ப்பதற்குப் பிறந்த தேதியின் எல்லை ஜனவரி 2 முதல் மறு ஆண்டு ஜனவரி 1 வரை. ஆகவே 1986இல் அவன் முதல் வகுப்பில் உட்கார்ந்தபோது வயது ஆறு நிரம்பிச் சில நாள்கள். பக்கத்து இருக்கையில் இருந்த ஜனவரிப் பிள்ளைக்கு ஏழு. அந்த வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. எழுத்து மெதுவாக வந்தது, பந்து காலில் நிற்கவில்லை. ஆசிரியை "பையன் மந்தம்" என்று எழுதி அனுப்பினார். நானும் அதை நம்பினேன். அதற்காக அடித்தும் இருக்கிறேன்.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டும் அன்று. கனடாவில் ஐஸ் ஹாக்கி இளையர் அணிகளுக்கு வயது எல்லை ஜனவரி 1. அங்குள்ள சிறந்த அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருப்பதை உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1985இல் எடுத்துக்காட்டினார்கள். சில மாதம் மூத்த பிள்ளை உயரமாக இருக்கிறான், தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்தவனுக்கு நல்ல பயிற்சியாளர், அதிக ஆட்டங்கள். சில ஆண்டுகளில் அவன் உண்மையாகவே சிறந்தவனாகிவிடுகிறான். பெல்ஜியத்தில் இளையர் காற்பந்துக்கான வயது எல்லையை 1997இல் ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றியபோது, சாதகம் பெற்ற பிறந்த மாதங்களும் கூடவே மாறின. பிள்ளைகள் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது.

இத்தகைய பின்னடைவுக்கு மருந்து வேறு. கடையில் நான் இடத்தை மாற்ற வேண்டியிருந்தது; மகனுக்குத் தேவைப்பட்டது காலம் மட்டுமே. பதினைந்து வயதில் அவன் வகுப்பில் நெட்டையானவர்களில் ஒருவன், கணக்கிலும் தேறிவிட்டான். ஆனால் பந்தை மட்டும் அவன் மறுபடி தொடவில்லை. "எனக்கு வராதுப்பா" என்று அந்த ஆறு வயதில் முடிவு செய்தது அப்படியே இருந்துவிட்டது. டிசம்பர் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், மதிப்பெண் அட்டையைத் திறக்கும்முன் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மளிகைக் கடையை 1995இல் மூடினேன். பக்கத்துச் சந்தையில் ஒரு சிறிய கடையை எடுத்து, 2012 வரை அரைத்த மசாலா மட்டும் விற்றேன். பணக்காரன் ஆகவில்லை. மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கடன் வாங்காமல் கட்டினேன். அரிசி கேட்டு வந்த பழைய வாடிக்கையாளர்களிடம், "எதிரே வாங்குங்கள், அங்கே மலிவு" என்று முதல் முறை சொன்னபோது நாக்கு எழவில்லை. போகப் போகப் பழகிவிட்டது. அப்படி அனுப்பிவைத்தவர்களில் பலர் அரிசிப் பையோடு திரும்பும் வழியில் என்னிடம் மசாலா வாங்கிப் போனார்கள்.

மகள் கோடு போட்ட 555 புத்தகம் இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது. தம்பிக்கும் எனக்கும் 1996இல் ஒரு கல்யாண வீட்டில் பேச்சு வந்துவிட்டது. இப்போது அவனும் டாக்சி ஓட்டுவதை விட்டுவிட்டான். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் என் வீட்டுக்கு வரும்போது தோளில் ஒரு அரிசி மூட்டையோடுதான் வருவான். எங்கே வாங்கினாய் என்று நான் கேட்பதில்லை.